கரிசல் வெயிலும் மண்பானையும்

சித்திரை உச்சிவெயிலில் பரளச்சிக் கரிசல் காட்டில் வெறுங்காலை ஊன்ற முடியாது. கருப்பு மண் வெயிலை உறிஞ்சிச் சூடாகி, தன்னை ஒட்டிய காற்றையும் சூடாக்குகிறது.

காற்றுக்குப் பெரும்பாலும் சூடு தருவது தரைதான். அதனால் மேலே போகப்போக, சராசரியாக 1 கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானல் சிலுசிலுப்பது இந்தக் கணக்கில்தான். வெப்பமண்டல வானில் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 80 டிகிரி வரை குளிர். அதற்கு மேல் ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் மறுபடி சூடேறுகிறது.

மலையேற வழியில்லாத சம்சாரிக்கு வேப்பமர நிழலில், மணல் குவித்து வைத்த மண்பானை போதும். அதன் வயிற்றைத் தடவினால் விரலில் ஈரம் ஒட்டும். அந்தக் கசிவு ஆவியாகும்போது 1 கிராமுக்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. காற்று வறண்டிருந்தால் ஆவியாவதும் வேகம். கடலோரப் புழுக்கத்தில் மந்தமாகும் பானை, இந்த வறண்ட சீமையில்தான் தன் முழுத் திறமையையும் காட்டுகிறது. என்ன அருமையான பொருள்!

வாங்கும்போது பெயிண்ட் பூசாத பானையாகப் பார்த்து வாங்குங்கள். நுண்துளை அடைபட்டால் நீர் கசியாது, குளிரவும் குளிராது.