புறனடை இல்லாத விதிகள்

விதி என்றாலே அதிகாரம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குப் பழகிப்போன காரியம். விதியைவிட, அந்த விதிக்கு உதாரணம் கொடுக்கிறவன் கையில்தான் அதிகாரம் இருக்கிறது என்பதைத் திண்டிவனத்தில் ஒரு தோழர் வீட்டில் பார்த்தேன்.

விழுப்புரம் நண்பர்கள் சேர்த்துவைத்திருக்கும் பழைய சிறுபத்திரிகைகளுக்கு அட்டவணை தயாரிக்கும் வேலை. நிரல் எழுதுவது செயற்கை நுண்ணறிவு எந்திரம். தோழர் அதற்கு விதி மட்டும் சொல்கிறார். 'எல்லாம் இந்தக் கோப்பில இருக்கு, படிச்சுப் பாருங்க' என்றார். ஏஜென்ட்ஸ்.எம்டி என்று பெயர். 2025இலிருந்து பல நிறுவனங்களின் எந்திரங்களுக்கும் பொதுவாகிவரும் வடிவம். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாதே, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனை எழுது, சோதனைகள் தேறாமல் முடிந்தது என்று சொல்லாதே என வரிசையாக ஏவல் வாக்கியங்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது புதிய பிரதி அல்ல, நூற்பாதான்.

எழுத்தாளர் பெயருக்கு இடம் கேட்டோம். எந்திரம் இரண்டு கட்டம் போட்டது: முதற்பெயர், குடும்பப்பெயர். இரண்டும் கட்டாயம். சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. ஏன் தேறாது? சோதனைக்கு அது எடுத்துக்கொண்ட பெயர்கள் அத்தனையும் ஆங்கிலப் பெயர்கள். இனிஷியலும் ஒற்றைப் பெயருமாக இருக்கிற நம்ம ஆளை உள்ளே விடவில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னாலிருந்து சாதியை வெட்டச் சொன்னது. அப்படி வெட்டிய இடத்தை இந்தக் கட்டம் 'காலியாக விடக் கூடாது' என்கிறது. இதில் யாருடைய சதியும் இல்லை. எந்திரம் கற்ற பிரதிகளில் பெரும்பான்மை எதுவோ அது 'இயல்பு' ஆகிவிட்டது, அவ்வளவுதான். மேலாண்மை எப்போதும் இப்படி இயல்பின் வேடத்தில்தான் வருகிறது.

அடுத்தது எழுத்து. விழுப்புரம், திண்டிவனம் இரண்டும் ஆறெழுத்துச் சொற்கள். யூனிகோடு குறிகளாக எண்ணினால் முன்னது 11, பின்னது 10. எந்திரம் குறிகளை எண்ணியது. ஏழாவது குறியில் வெட்டினால் ஊர் 'விழுப்ப' என்று நிற்கும். இதற்கும் சோதனை இருந்தது. சரியான விடை என்று அதில் எழுதியிருந்தது 11. தன் நிரலை ஓட்டி, வந்த விடையையே சரியான விடையாக எழுதிக்கொண்டது. கேள்வியும் தானே, விடையும் தானே, மார்க்கும் தானே.

தொல்காப்பிய நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒரு பொருள் சொல்கிறார், சேனாவரையர் மறுத்து வேறு சொல்கிறார். இருவரும் உதாரணத்தை நூற்பாவுக்கு வெளியே, செய்யுளிலிருந்தும் வழக்கிலிருந்தும் கொண்டுவருகிறார்கள். வெளியிலிருந்து வருகிற உதாரணம்தான் விதியைச் சோதிக்கும். உள்ளேயே செய்த உதாரணம் விதிக்குச் சாமரம் வீசும்.

ஆகவே கோப்பைத் திருத்தினோம். பெயருக்கு ஒரே கட்டம். சோதனைக்கான பெயர்களும் விடைகளும் நம் பத்திரிகைகளிலிருந்து, நம் கையால். அந்தச் சோதனைகளை எந்திரம் தொடக் கூடாது. தேறுவதற்காகச் சோதனையையே மாற்றிவிடுகிற வழக்கம் இவ்வகை எந்திரங்களில் பதிவாகியிருக்கிறது. கடைசியாக ஒரு புறனடை. சொல்லப்படாத வழக்குகளுக்கும் இடம் வேண்டும் என்றுதான் தொல்காப்பியத்தில் பல இயல்கள் புறனடையோடு முடிகின்றன. எங்கள் புறனடை இது: விதியில் இல்லாத ஒன்று எதிர்ப்பட்டால், ஊகிக்காதே, நின்று கேள்.

'எழுதி வெச்சா அது கேக்குமா தோழர்?' என்றேன். 'சில நேரம் கேக்காது. கோப்பு வேண்டுகோள்தான், பூட்டு இல்ல' என்றார். அதனால் சோதனைக் கோப்புகளை எந்திரத்தால் எழுத முடியாத இடத்தில் வைத்து, தனியாக ஓட்டுகிறார். இதுவும் ஒரு பாடம். நல்ல விதி எழுதிவிட்டால் போதும் என்று நம்புவது, சட்டம் வந்தவுடன் நீதி வந்துவிட்டது என்று நம்புவதைப் போன்றது.

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம் என்று எழுத்தாளர்கள் ஒதுங்கினால், நாளை ரேஷன் அட்டைக்கும் பட்டாவுக்கும் நம் பெயரைக் கேட்கிற கட்டத்துக்கு உதாரணம் வேறு யாரோ கொடுத்திருப்பார்கள். கூட்டறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிற நாம், ஒரு சோதனைக் கோப்பில் நம் ஊர்ப் பெயர்கள் பத்தை எழுதிக் கொடுக்க முடியாதா?