இழை லேசர்

இழை லேசரில் ஒளி பிறப்பதே கண்ணாடி இழைக்குள்தான். 1960களில் அமெரிக்காவின் எலியாஸ் ஸ்னிட்சர் நியோடிமியம் கலந்த கண்ணாடி இழையில் இதைச் செய்து காட்டினார். அதிகத் திறன் கைகூடியது பின்னாளில் வந்த இரட்டை உறை இழையால். ஆற்றலூட்டும் லேசர் டயோடுகளின் ஒளி அகன்ற உள் உறையில் பாய்கிறது. வழிநெடுக நடுக்கருவிலுள்ள இட்டெர்பியம் அதை உறிஞ்சி, ஏறத்தாழ 1,070 நானோமீட்டர் அலைநீளத்தில் கூர்மையான கற்றையாகத் தருகிறது. பரந்து சிதறும் ஒளி இப்படி ஒழுங்குக்கு வருவதுதான் இக்கருவியின் பேரழகு. இழை நீண்டு மெலிந்திருப்பதால் சூடும் எளிதில் வெளியேறிவிடும்.

கார்பன் டைஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியைச் செம்பும் பித்தளையும் பெரும்பாலும் திருப்பியனுப்பிவிடும். அலைநீளம் அதைவிடக் குறைந்த இழை லேசர் அவற்றையும் வெட்டும். மின்சார கார் பேட்டரிகளின் இணைப்புகளைப் பற்றவைக்கவும் அது பயன்படுகிறது. தங்க மோதிரத்தின் உட்புறத்தில், லென்ஸ் வைத்தால்தான் தெரியும் அளவில், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீட்டைப் பொறிக்கவும் இதுவே ஏற்ற கருவி.