கணினி அறிவியல்: பாடநூலும் பாடுபொருளும்

கடையத்தை அடுத்த தென்காசி வட்டாரத்து மத்தளம்பாறையில் 2011இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கியது முதல், மென்பொருள் இப்பகுதியினருக்குத் தொலைவூர்த் தொழிலாகத் தோன்றுவதில்லை. ஆயினும் அத்தொழிலுக்கு அடிப்படையான கல்வி எதைப் பற்றியது என வினவினால், கணினியைப் பற்றியது என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை.

தமிழக அரசு 2018இல் வெளியிட்ட பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து இயல்கள் கணினியின் தலைமுறைகள், உறுப்புகள், இயக்க அமைப்புகள் என நீள்கின்றன. எண்முறைகளை மட்டும் இக்குறையினின்று விலக்கிவிடலாம். அதற்குப் பின்னரே, உழவர் ஒருவர் ஆடு, புல்லுக்கட்டு, ஓநாய் ஆகியவற்றைப் படகில் மறுகரை சேர்க்கும் புதிர் வருகிறது. ஒரு சிக்கலை நிலைகளாகவும் அவற்றை மாற்றும் செயல்களாகவும் காணப் பயிற்றும் அந்த மூன்று இயல்களே நூலின் உயிர். மிக நேர்த்தியாக எழுதப்பட்டவை. அவற்றிற்குக் கணினியே தேவையில்லை.

இதில் வியப்புமில்லை. 1936இல் ஆலன் டூரிங் தம் கற்பனைப் பொறியை விவரித்தபோது மின்னணுக் கணினி பிறக்கவில்லை. எந்தச் செய்முறையாலும் தீர்க்கவியலாத கணக்குகள் உண்டென அவர் தாளிலேயே நிறுவினார்.

இன்னும் பின்னே செல்வோம். பக்தாதில் கி.பி. 820 அளவில் அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதி மரண சாசனம், வாரிசுரிமை ஆகியவற்றின் கணக்குகளே. நம் ஆலிம்கள் பயிலும் பராயிளிலிருந்து ஒரு கணக்கைப் பார்ப்போம். இறந்தவருக்குக் கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டுமே வாரிசுகள். கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஆறில் ஏழு, சொத்தை மிஞ்சுகிறது. அப்போது பகுதியை ஆறிலிருந்து ஏழாக உயர்த்துக என்கிறது 'அவ்ல்' விதி. கணவருக்கு மூன்று பங்கு, சகோதரிகளுக்கு நான்கு. யார் கணக்கிட்டாலும் விடை ஒன்றே. இத்தகைய செய்முறைகளைப் படைப்பதும், அவை பிழையற்றவை எனக் காட்டுவதும், அவற்றின் எல்லையை அறிவதுமே இத்துறையின் பாடுபொருள் என்பது நம் கருத்து.

அல்-குவாரிஸ்மியின் பெயரே இலத்தீன் வழியாக 'அல்காரிதம்' ஆயிற்று. பாடநூலோ அதனை 'நெறிமுறை' என்கிறது. ஒழுக்கத்தையும் குறிக்கும் அச்சொல் மாணவரை மயக்கும். பெயரின் வரலாறும் மறைந்துவிடுகிறது.

செய்முறை இயங்குவதைக் காணப் பொறி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நமது குறை வரிசையைப் பற்றியதே. படகிலேறும் உழவர் முதல் இயலிலேயே வந்திருப்பின், கணினி அறை பூட்டிக் கிடக்கும் நாளிலும், இராமநதிக் கூழாங்கற்கள் நான்கைக் கொண்டு கடையத்து ஆசிரியர் பாடத்தைத் தொடங்கியிருக்கலாம்.