செவிக்குரிய இலக்கியம்: ஒலிநூலும் ஒலிநாடகமும்

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். கற்க வாய்ப்பில்லாதவனும் கேட்டு அறிவு பெறலாம் என்பதும், கற்றவனுக்கும் கேள்வி வேண்டும் என்பதும் அவ்வைப்பு முறையால் உணரப்படும். நம் முன்னோர் இவ்வுண்மையை ஏட்டளவில் விட்டுவிட்டாரல்லர். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நிகழுங்கால், ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். எழுத்தறியாத முதியோரும் மண்டபத்துத் தூணோடு சாய்ந்திருந்து சூரபன்மனின் வரலாறு முழுவதையும் அறிந்துகொண்டனர். அவர்கள் நூலைக் காதால் வாசித்தவர்கள்.

இன்று 'ஒலிநூல்' எனவும் 'ஒலிநாடகம்' எனவும் வழங்குவன இம்மரபுக்கு முற்றும் புறம்பானவையல்ல. கருவிதான் புதியது. பஸ்வண்டியிலே நின்றுகொண்டு செல்லும் மாணவனும், அடுப்படியிலே வேலை செய்யும் தாயும், கண்ணொளி மங்கிய முதியவரும் கைத்தொலைபேசி வழியாக ஒரு நாவலைக் கேட்டு முடிக்கலாம். ஆயினும் கிடைப்பன எல்லாம் கேட்கத்தக்கன ஆகா. அன்றாடம் கேட்பதற்கு எவை தக்கன, அவற்றைத் தெரிந்துகொள்ளும் அளவுகோல் யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

கேட்பது வாசிப்பு ஆகுமா என்னும் வினா ஆசிரியர்களாகிய நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. மாணவர் சோம்பலுக்கு இது துணைபோகும் என்பாரும் உளர். அவர்கள் ஒலிநூலின் பிறப்பை நினைவுகூர்தல் நன்று. முதலாம் உலகப் போரிலே கண்ணிழந்த வீரர்களை முன்னிட்டு 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே 'பேசும் நூல்' சேவை தொடங்கியது. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 25 நிமிட வாசிப்பு அடங்கும் இசைத்தட்டுக்களில் அந்நூல்கள் பதியப்பட்டன. ஜோசப் கொன்றாட்டின் 'டைபூன்' என்னும் கடற்கதை முதலில் வந்தவற்றுள் ஒன்று. தட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி ஒரு நாவலைக் கேட்டு முடித்த அவ்வீரரைச் சோம்பேறிகள் என்று யார் கூறுவார்? அவர்கள் அறிவுப்பசிக்கு வேறு வாயில் இன்மையாற் செவி வாயிலைத் திறந்தனர்.

இப்பொருளில் எனக்கு அக்கறை பிறந்தது நூலாராய்ச்சியினால் அன்று, என் தாயாரால். அவர்களுக்குக் கண் தெரியாமற் போய்ச் சில ஆண்டுகளாகின்றன. இளமையில் வாரந்தோறும் சஞ்சிகைகளை எதிர்பார்த்திருந்து வாசித்தவர்கள். ஒருநாள் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' என்னும் சிறுகதையின் ஒலிப்பதிவு ஒன்றை இணையத்திலே தேடியெடுத்துக் கேட்கச் செய்தேன். துணிக்கடையிற் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் கணவன், நோயுற்ற மனைவியைப் பேணி ஈற்றில் இழக்கின்றான். கதை அவளுடைய மரணத்திலேயே தொடங்கிப் பின்னோக்கிச் செல்கின்றது. ஆசிரியர் எவ்விடத்தும் குரலை உயர்த்துவதில்லை. துயரத்தை விவரங்களாலேயே சொல்லிச் செல்கின்றார். ஆனால் அன்று வாசித்தவரோ முதல் வாக்கியத்திலேயே தழுதழுத்தார். இடையிடையே வீணையும் அழுதது. சிறிது நேரங் கேட்ட என் தாயார், "தம்பி, நிப்பாட்டு. அவரே அழுது முடிச்சிட்டார்; எனக்கு அழ ஒண்டும் மிச்சம் விடேல்லை" என்றார்கள்.

திறனாய்வு நூல்கள் பல கற்றும் நான் அறியாத அளவுகோலை அவ்வொரு வார்த்தை எனக்குத் தந்தது. நல்ல வாசிப்பு கேட்பவனுக்கு ஒரு வேலையை விட்டுவைக்கும். தீய வாசிப்பு அவன் செய்ய வேண்டியதைத் தானே செய்து முடிக்கும். காட்சியைக் கட்டுதலும், பாத்திரத்தின் முகத்தை வரைதலும், இரங்கவேண்டுமிடத்து இரங்குதலும் கேட்பவனுக்குரிய தொழில்கள். அவற்றைப் பறிப்பது வாசிப்பவரின் தொழில் அன்று. புராண படனத்திலும் வாசிப்பவர் வேறு, பயன் சொல்பவர் வேறு, இருவரும் அழுவதில்லை. அழுகை சபைக்கு உரியது.

இவ்வளவுகோலைக் கொண்டு ஒலிநாடகத்தை நோக்குவோம். ஆங்கிலத்தில் வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களுள் ஒன்றை றிச்சட் ஹியூஸ் என்பவர் இயற்றினார். அது 1924 ஜனவரி 15ஆந் திகதி பி. பி. சி.யில் ஒலிபரப்பாகியது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கமொன்றைப் பார்க்கச் சென்றவர்கள், விளக்குகள் அணைந்துவிட இருளிலே சிக்குகின்றனர். இது நாடகாசிரியரின் நுண்மதியைக் காட்டுவது. கேட்பவனுக்கு மேடை தெரியாது. பாத்திரங்களுக்கும் ஒன்றுந் தெரியாது. இருவரும் ஒரே இருளில் நிற்கின்றனர். கண்ணில்லாக் கலைக்குக் கண் தேவையில்லாக் களத்தை அவர் தேர்ந்தார். ஒரு குறையை மறைக்க முயலாது அதனையே உறுப்பாக்கிக்கொள்வது கலையின் முதிர்ச்சி.

அடுத்து, ஆங்கிலங் கற்கும் உயர்வகுப்பு மாணவர் அவசியங் கேட்கவேண்டியது டிலன் தொமஸின் 'அண்டர் மில்க் வுட்'. ஆசிரியர் இதனைக் குரல்களுக்கான நாடகம் என்றே குறித்தார். அவர் 1953 நவம்பரில் 39ஆம் வயதிற் காலமானபின், 1954 ஜனவரி 25ஆந் திகதி றிச்சட் பேட்டன் 'முதற் குரல்' ஆக வாசிக்க இது ஒலிபரப்பாகியது. அப்பதிவு இன்றுங் கேட்கக் கிடைக்கின்றது. வேல்ஸ் நாட்டுக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் ஓர் இரவும் ஒரு பகலுமே கதை. கண்ணிழந்த முதிய கப்பற்றலைவர் ஒருவர் அதிலே வருகின்றார். யன்னலோரத்தில் அமர்ந்து, தெருவிற் போவோரை ஓசையாலேயே இன்னார் இன்னார் என்று அறிகின்றார். நாடகத்தைக் கேட்கும் நாமும் அவர் நிலையிலேயே இருக்கின்றோம். பேட்டனின் குரல் செல்வமுடையது. ஆயினும் அது சொற்களை முந்திக்கொண்டு ஓடுவதில்லை. சொல்லின் ஓசை தன் தொழிலைச் செய்ய விட்டு அது பின்னே நிற்கின்றது. வாசிப்புக் கலையைப் பயில்வோர்க்கு இதனினுஞ் சிறந்த பாடம் அரிது.

பின்னணி ஓசையின் இடத்தை அறிய விரும்புவோர் 1957 ஜனவரி 13ஆந் திகதி பி. பி. சி. ஒலிபரப்பிய சாமுவெல் பெக்கெற்றின் 'ஓல் தற் போல்' என்னும் நாடகத்தைக் கேட்கலாம். பருத்த முதியவள் ஒருத்தி, கண்ணிழந்த தன் கணவனை எதிர்கொள்ளப் புகைவண்டி நிலையத்துக்குக் கால்களை இழுத்து இழுத்து நடக்கின்றாள். வண்டியோ தாமதம். தாமதத்தின் காரணம் ஈற்றிலே ஒரு சிறுவனின் வாயால் வெளிவரும். அவளது உடலை வருணிக்கும் சொற்கள் வேண்டியதில்லை. அந்த நடையோசையே போதும். இங்கு ஓசை அலங்காரம் அன்று, பொருள்.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 1949இல் 'றேடியோ சிலோன்' எனப் பெயர் பூண்டு, 1967இற் கூட்டுத்தாபனமாகிய இலங்கை வானொலி, தமிழ் ஒலிநாடகத்துக்குச் செய்த தொண்டு சிறிதன்று. 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் நாடகத்துறையை வளர்த்தார். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' என்னும் தொடர் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கை வானலையில் ஏற்றியது. விதானையார் பதவி 1963இல் ஒழிந்துவிட்டமையால், அச்சொல் இன்றைய மாணவர் பலருக்குப் புதிது. எனினும் அத்தகைய நாடகங்கள் கற்பிக்கும் உண்மை பழையதாகவில்லை. மேடையிலே உடையும் ஒப்பனையும் பாத்திரத்தை அறிமுகஞ் செய்யும். வானொலியிலோ பேச்சு ஒன்றே உண்டு. ஒருவன் எவ்வூரான், எந்நிலையினன், பேசுவது மெய்யோ பொய்யோ என்பதெல்லாம் அவன் சொல்லும் முறையாலேயே விளங்க வேண்டும். ஆதலாற் பேச்சுவழக்கு அங்கே நகைச்சுவைக்காகச் சேர்த்த சரக்கன்று. பாத்திரத்தின் உடம்பே அது. பின்னர் வந்த சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' என்னும் வானொலித் தொடரை முதியோர் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்வர். அக்காலத்தில் நேரந் தவறியவருக்கு மறுமுறை இல்லை. வீடு முழுவதும் ஒரு பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்டது. இன்று ஒவ்வொருவரும் இயர்போனைத் தனித்தனி காதிற் செருகிக் கேட்கின்றோம். வசதி மிகுந்தது, கூடியிருந்து கேட்டபின் கூடியிருந்து கதைக்கும் இன்பம் குறைந்தது.

தமிழ் நாவல்களுள் முதலிற் கேட்கத்தக்கது யாதெனின், கல்கியின் 'பொன்னியின் செல்வன்' என்பேன். 1950 தொடக்கம் 1954 வரை வார இதழிலே தொடராக வந்தமையால், அதன் அத்தியாயங்கள் சிறியன. ஒவ்வொன்றும் அடுத்ததை அவாவச் செய்து முடிவன. ஒருநாட் பயணத்துக்கு ஓரிரு அத்தியாயம் அளவாகும். பூங்குழலியின் படகிலே வந்தியத்தேவன் நம் தீவுக்கு வருவதும், அநுராதபுரக் காட்சிகளும் அடங்கிய இரண்டாம் பாகம் நம் மாணவருக்குத் தனிச் சுவை பயப்பது. இந்நாவலைப் பாம்பே கண்ணன் பல குரல்களில் இசையோடு நாடகப் பாங்கில் ஒலிநூலாக்கினார். ஒருவரே முழுவதையும் வாசித்த பதிவுகளும் உள. இவற்றுள் எது சிறந்தது? நூலை முன் வாசியாத சிறுவர்க்கும், பெயர்களில் மயங்கும் முதியோர்க்கும் பல குரற் பதிவு உதவும்; ஆளை அடையாளங் காணுதல் எளிதாகும். ஒருமுறை வாசித்தவர்க்கு ஒற்றைக் குரலே நன்று. குந்தவையின் குரல் எத்தகையது என்பதை அவர் முன்னரே தம் உள்ளத்தில் அமைத்திருப்பார். அதன்மேல் இன்னொரு குரலை ஏற்றுவது வேண்டாத வேலை.

சிறுகதைகளுள் உரையாடல் மிகுந்தவை செவிக்கு இனியன. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சென்னைத் தெருவிலே கடவுளும் ஒரு சாதாரண மனிதரும் சந்தித்து உரையாடுவது. அதன் நகை, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வது போன்ற நகை. வாசிப்பவர் தாமே சிரித்துவிட்டால் அது கெட்டுவிடும். ஆங்கிலத்திற் பழைய நூல்களை விரும்புவோர்க்கு, 2005இல் தொடங்கிய 'லிப்ரிவொக்ஸ்' என்னும் இலவசத் தளம் உண்டு. பதிப்புரிமை கழிந்த நூல்களைத் தொண்டர்கள் அதில் வாசிக்கின்றனர். வாசிப்பின் தரம் ஆளுக்கு ஆள் வேறுபடுமாதலால், முதல் ஐந்து நிமிடங் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் அறிவுடைமை.

கேட்கத்தகாதன எவை என்பதையுஞ் சொல்லவேண்டும். பரிமேலழகர் உரையைப் பஸ்வண்டியிற் கேட்டுப் பொருளுணர்வேன் என்பவன் தன்னையே ஏமாற்றுகின்றான். விரலை ஒரு வரியில் வைத்து, முன் வரிக்குத் திரும்பி, மீண்டுங் கீழிறங்கி அறியவேண்டிய நூல் அது. நான் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தபோது, தொல்காப்பியச் சூத்திரங்களை என் குரலிலேயே ஒலிநாடாவிற் பதிந்து கேட்டதுண்டு. சூத்திரங்கள் மனத்திற் படிந்தன, உரை படியவில்லை. மனனத்துக்குச் செவி துணை. ஆராய்ச்சிக்குக் கண்ணும் கையும் வேண்டும். ஒலிநூல் அச்சுநூலுக்கு மாற்று அன்று; அண்டை வீட்டார் போன்றது.

இறுதியாக, ஆசிரியர்களாகிய எம்மை நோக்கிய குற்றச்சாட்டு ஒன்றைக் கூறி அமைவேன். அன்று 'செல்லம்மாளை' அழுது கெடுத்த வாசகரைப் பழித்த நான், பின்னர் எண்ணிப் பார்த்தபோது நாணினேன். தமிழ்த் தினப் போட்டிகளிலும் ஒக்ரோபர் வாசிப்பு மாத நிகழ்வுகளிலும் நாம் எவ்வகை வாசிப்புக்குப் பரிசளிக்கின்றோம்? குரல் நடுங்கிய பிள்ளைக்கும், கண்ணைக் கசக்கிய பிள்ளைக்கும் அன்றோ? தெளிவாக, ஆறுதலாக, சொல்லுக்கு இடம்விட்டு வாசித்த பிள்ளையை 'உணர்ச்சி போதாது' என்று எழுதி இரண்டாம் இடத்துக்குத் தள்ளியவன் நானுமே. இன்றைய மேடை வாசகரே நாளைய ஒலிநூல் வாசகர். நாம் பயிற்றியதையே அவர்கள் செய்கின்றனர்.

ஆதலின் வருகின்ற வாசிப்பு மாதத்திலே நடுவர்களுள் ஒருவரேனும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராக. பிள்ளைகள் தம் வீட்டிலே கண்பார்வை குன்றிய முதியோர் ஒருவருக்கு நாள்தோறும் ஒரு பக்கம் வாசிப்பாராக. என் தாயார் இப்பொழுது பேர்த்தியின் வாசிப்பையே விரும்பிக் கேட்கின்றார்கள். அப்பிள்ளைக்கு வயது ஒன்பது, நடிக்கத் தெரியாது, கடினமான சொல் வந்தால் நின்று எழுத்துக் கூட்டும். அந்த இடைவெளியிலே, சொல் இன்னதாகத்தான் இருக்கும் என்று என் தாயார் முந்திச் சொல்லிவிடுகின்றார்கள்.