ரெகுலரா, கரஸ்ஸா?

பட்டம் வாங்கிய பெண்ணிடம் நம் ஊரில் இரண்டு இடங்களில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒன்று வேலைக்கான நேர்காணல். மற்றொன்று பெண் பார்க்க வரும் கூடம். "ரெகுலரா, கரஸ்ஸா?" கரஸ் என்று பதில் வந்தால் கேட்டவரின் குரல் ஒரு படி இறங்கும். அஞ்சல்வழிக் கல்வி, தொலைதூரக் கல்வி, தொலைநிலைக் கல்வி, திறந்தநிலைக் கல்வி என்று பல்கலைக்கழகங்கள் காலத்துக்கொரு பெயர் சூட்டிப் பார்த்துவிட்டன. ஊர் வாயில் அது கரஸ்தான். அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கும் இளக்காரம் படிப்பின் தரத்தைப் பற்றியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். யார் அதைப் படிக்கிறார்கள் என்பதும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்டவர்கள், கல்லூரி இல்லாத ஊர்க்காரர்கள் படிக்கிறார்கள். சேர்க்கை விளம்பரங்களில் புத்தகத்தோடு சிரிக்கும் முகமும் பெரும்பாலும் பெண் முகமே. வீட்டிலிருந்தபடியே, வசதியான நேரத்தில், விரும்பிய வேகத்தில் படிக்கலாம் என்பதுதான் தொலைநிலைக் கல்வி பெண்ணுக்குத் தரும் வாக்கு. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் நெகிழ்வு. இந்தச் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் படிப்பு சமூகப் பணி, அதாவது பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. எடுத்துக்கொள்ளும் இடம் கள்ளக்குறிச்சியும் அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையும்.

முதலில் ஒரு கணக்கு. 2020-21க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 4.14 கோடி பேர். அவர்களில் பெண்கள் 2.01 கோடி, அதாவது ஏறக்குறைய சரிபாதி. அதே கணக்கெடுப்பில் தொலைநிலையில் பயில்வோர் 45.71 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 20.9 லட்சம். பாதியை எட்டவில்லை. பெண்ணுக்கென்றே செய்தது போல் விற்கப்படும் கல்வியில், மொத்த உயர்கல்வியில் இருப்பதைவிடப் பெண்களின் பங்கு குறைவு. வீட்டுக்கே வரும் கல்வியென்றால் வீட்டிலிருப்பவள் முந்திக்கொள்ள வேண்டாமா?

முந்த முடியாததற்குக் காரணம் வீடுதான். 2024-ல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம் என்கிறது. ஆண்களுக்கு 88 நிமிடம். இக்னோவின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு 32 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 960 மணி நேரம், அதாவது நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வீட்டு வேலை, அதன் மேல் கூலி வேலையோ அங்கன்வாடி வேலையோ, அதற்கும் மேல் இந்த இரண்டரை மணி. இது எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வரும். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும், தேதி நகராது. அசைன்மென்ட் கொடுக்கும் நாளைப் பல்கலைக்கழகம் நினைத்தால் தள்ளிவைக்கும், இவள் நினைத்தால் முடியாது. கல்வி நிறுவனம் நிமிர்ந்தே நிற்கிறது. வளைவதெல்லாம் அவள் இரவு.

இதனால் தொலைநிலைக் கல்வியே ஏமாற்று என்று முடிவுகட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பேச்சு பெரும்பாலும் ரெகுலரில் படித்தவர்களின் பேச்சு. 1873-ல் பாஸ்டனில் அன்னா டிக்னர் என்ற பெண் கடிதவழிக் கல்விக்காக ஒரு சங்கம் தொடங்கினார். நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், படித்தவர்களும் பெண்கள். கல்லூரி வாசலை ஆண்கள் அடைத்து நின்ற காலத்தில் தபால்காரரின் பையை அவர்கள் கல்லூரி ஆக்கிக்கொண்டார்கள். நம் பக்கத்துக்கு இது தாமதமாகவே வந்தது. 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம், 1971-ல் மதுரை, 1979-ல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1985-ல் இக்னோ, 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இன்று ஆசிரியையாகவும் கிராம நிர்வாக அலுவலராகவும் இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பட்டமாவது கரஸில் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி 1976-ல்தான் ஒழிந்தது. நாடு விடுதலையாகி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மலை தனி வட்டமாகி, வெள்ளிமலை அதன் தலைமையிடமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகுதான் மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பட்டம் படிக்க வேண்டுமென்றால் மலையாளிப் பழங்குடிப் பெண் காலங்காலமாக இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் வழியாக, பேருந்து இருக்கும் நேரத்தில். தங்கிப் படிக்க வீடு விடுவதில்லை. விட்டாலும் கல்யாணப் பேச்சு முந்திக்கொள்கிறது. உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவளுக்கு, மலையிலேயே இருந்துகொண்டு பட்டம் என்றால் மிச்சமிருப்பது கரஸ்தான்.

இங்கே சமூகப் பணியைப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. வரலாறோ தமிழோ படித்தால், கண்ணைக் கசக்கிக்கொண்டாவது இரவில் படித்துவிடலாம். சமூகப் பணியில் களப்பணி கட்டாயம். ஓர் அமைப்போடு இணைந்து, தகுதியுள்ள மேற்பார்வையாளரின் கீழ், பகலில் வேலை செய்து, அதை நாட்குறிப்பாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையமும் பள்ளியும் காவல் நிலையமும் இரவில் களப்பணிக்குத் திறந்திருப்பதில்லை. கரும்பு வெட்டவோ மரவள்ளி பிடுங்கவோ போகிறவளுக்குக் களப்பணி நாள் என்பது கூலி போன நாள். அங்கன்வாடிப் பணியாளருக்கு விடுப்பு கிடைக்காத நாள். நெகிழ்வு என்ற சொல் இந்த இடத்தில் முறிந்துவிடுகிறது. முறிந்த இடத்தில் ஒரு சந்தை முளைக்கிறது. விடை எழுதிய அசைன்மென்ட் விலைக்கு வருகிறது. களப்பணி ரெக்கார்டும் அப்படியே. அதை வாங்குகிறவளை நாம் குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். மேற்பார்வையாளர் எவரும் மலையேறாத ஏற்பாட்டைக் குறை சொல்வதில்லை.

ஆனால் "தொலை" என்ற சொல்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எதிலிருந்து தொலைவு? ரெகுலரில் சமூகப் பணி படிக்கும் நகரத்து மாணவி பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறாள். களத்துக்குத்தான் அவள் பேருந்து ஏறிப் போகிறாள். முகாம் போட்டு, மரத்தடியில் ஊர் வரைபடம் வரைந்துவிட்டு, மாலையில் திரும்பிவிடுகிறாள். சேராப்பட்டிலோ இன்னாட்டிலோ இருந்து கரஸில் படிப்பவளுக்குப் பல்கலைக்கழகம்தான் தொலைவு. களம் அவள் வாசல். பிரசவ வலி எடுத்தவளுக்காக 108க்குப் போன் போட, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடுகிறாள். சுய உதவிக் குழுவின் கடன் தவணையில் யார் எதை மறைக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு நிச்சயம் பேசும் வீட்டில் போய் உட்கார்ந்து, பேச்சை மாற்றிப் பார்க்கிறாள். பாடத்திட்டம் இதையெல்லாம்தான் தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பு என்று பிரித்துப் பெயர் வைத்திருக்கிறது. அவள் செய்தால் அது அனுபவம். களப்பணி என்று எண்ணப்பட வேண்டுமானால் வேறொருவர் கையெழுத்து வேண்டும்.

தனிநபர் பணிக்கு இலக்கணம் வகுத்த மேரி ரிச்மண்டின் கதை இங்கே பொருந்தும். 1917-ல் வெளிவந்த அவருடைய 'சோஷியல் டயக்னோசிஸ்' நூலிலிருந்துதான் அந்தத் துறையின் வரலாற்றைத் தொடங்குவார்கள். ரிச்மண்ட் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. பள்ளிப் படிப்போடு எழுத்தர் வேலைக்குப் போனவர். தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துப் பார்த்தே நூல் எழுதினார். 1921-ல் ஸ்மித் கல்லூரி கௌரவ முதுகலைப் பட்டம் தந்தது. வேலையிலிருந்து பிறந்த அறிவு பட்டமாக மாறியதும், பட்டம் இல்லாதவளின் வேலை அறிவில்லை என்று ஆகிவிட்டது.

பாடநூல்களுக்குள் போனால் இன்னொரு சிக்கல். பீஸ்டெக் 1957-ல் எழுதிய ஏழு கோட்பாடுகளை இன்றும் நம் மாணவிகள் மனப்பாடம் செய்கிறார்கள். ரகசியம் காத்தல், தீர்ப்பிடாமை, தானே முடிவெடுக்கும் உரிமை, அளவோடு உணர்ச்சிவயப்படுதல் என்று வரிசை போகும். ஒவ்வொன்றும் நல்ல கோட்பாடுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காட்சி இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒருவர், இந்தப் பக்கம் சமூகப் பணியாளர், நடுவே சாத்திய கதவு. இருபது முப்பது வீடுகள் உள்ள மலையூரில் அடி வாங்கிய பெண் கதவைத் தட்டினால், உள்ளே இருக்கும் மாணவி அவளுக்குச் சின்னம்மாவோ நாத்தனாரோ ஆவாள். அடித்தவன் இவளுக்குப் பங்காளியாக இருப்பான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு அலுவலரிடம் போகச் சொல்கிறது. போய்த் திரும்பி வந்த பிறகு அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டியவர்கள் இவர்கள் இருவரும். உறவுக்குள் இருந்துகொண்டே ரகசியம் காப்பது எப்படி, பங்காளியின் வீட்டுக்கு எதிராக நிற்பது எப்படி என்பதை எந்த நூலும் அவளுக்குச் சொல்வதில்லை. இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதக்கூடியவள் அவள்தான். தேர்வில் அந்தக் கேள்வி வருவதில்லை. 'கேஸ்' என்ற சொல்லையே பாருங்கள். பாடநூலில் அது உதவி தேடி வந்தவர். மலையில் கேஸ் என்றால் சாராயக் கேஸ், போலீஸ் வந்து ஆளைக் கொண்டுபோன கேஸ். "உங்கள் கேஸைப் பற்றிப் பேசலாமா" என்று ஒருத்தி நோட்டோடு போய் நின்றால் வீடு பூட்டிக்கொள்ளும்.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. இக்னோவின் எம்.எஸ்.டபிள்யூ. பாடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழில் நூல்கள் தருவது பெரிய காரியம். ஆனால் ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கிய வாக்கியத்தை நள்ளிரவில் மூன்று முறை படித்தும் பொருள் பிடிபடாமல் போனால், அவள் தன் மூளையைத்தான் சந்தேகிக்கிறாள்.

பணத்திலும் இவள் இரண்டாந்தரம்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கிய திட்டம். எத்தனையோ பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறது; அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் தொலைதூரக் கல்வியிலும் அஞ்சல்வழிக் கல்வியிலும் படிக்கும் மாணவிகளுக்கு அது கிடையாது என்று விதி சொல்கிறது. பழங்குடி மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகையில் 2010 விதிகளின்படி அஞ்சல்வழி மாணவருக்குக் கட்டணம் போகப் புத்தகச் செலவுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய். மாதம் நூறு. வீட்டிலிருந்து படிப்பவளுக்கு என்ன செலவு என்ற நினைப்பு இரண்டிலும் இருக்கிறது. தொடர்பு வகுப்புக்கு இறங்கிவர ஆகும் பேருந்துச் செலவு, போன கூலி, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குத் தர வேண்டியது எதுவும் எந்தப் படிவத்திலும் கட்டமாக இல்லை.

அந்தத் தொடர்பு வகுப்பைப் பற்றி ஒரு சொல். பாடமாகப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு மணி நேரத்தில் ஆறு மாதப் பாடத்தை ஓட்டிவிடுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, துவைக்க வேண்டிய துணியை விட்டுவிட்டு, தன் பெயர் சொல்லி வருகை எடுக்கும் ஓர் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் வீட்டில் எப்படிச் சொல்லிவிட்டு வந்தோம் என்று பேசிக்கொள்கிறார்கள். இப்போது எல்லாம் இணையவழி என்று சொல்லி, செலவு மிச்சம் என்று இந்த வகுப்புகளைச் சுருக்கும்போது, வீட்டைவிட்டு வெளியே வர அவளிடம் இருந்த கடைசிச் சாக்கும் போகிறது.

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு உளவியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து உள்ளிட்ட படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று அறிவித்தது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருபவை அவை என்பது காரணம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் மருத்துவச் சமூகப் பணியாளரும் மனநலச் சமூகப் பணியாளரும் இருக்கிறார்கள். பயிற்சியில்லாத ஆலோசகரால் பாதிக்கப்படுவதும் பெண்களும் குழந்தைகளும்தான். ஆகவே கறாரான பயிற்சி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. தரம் குறைகிறதென்றால் மலைக்குப் பயிற்சியை ஏற்றலாம். கதவைச் சாத்துவது அதைவிட மலிவு என்பதால் அதைச் செய்கிறார்கள்.

ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் ஆள் எடுக்கும் அறிவிப்புகள் மாவட்டந்தோறும் வருகின்றன. தொகுப்பூதியம், ஒப்பந்தப் பணி, சமூகப் பணியில் பட்டம், பல இடங்களில் உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும். அந்த வேலைக்கு மலையிலிருந்து ஒருத்தி விண்ணப்பிக்க வேண்டுமென்றால் தேவைப்படுவது அதிகமில்லை. வெள்ளிமலையில் ஓர் அறை, மாதம் இரண்டு முறை மேலே ஏறிவரும் மேற்பார்வையாளர், அங்கன்வாடியிலும் குழுவிலும் அவள் ஏற்கெனவே செய்யும் வேலையில் ஒரு பகுதியைக் களப்பணியாக ஏற்கும் விதி, களப்பணி நாளுக்கு ஒரு நாள் கூலி. இக்னோவில் சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது.