அறிவிப்பாளர் இல்லாச் செய்திகள்

செய்தியைவிடச் செய்தி சொன்னவரை முதலில் ஆராய்ந்தது ஹதீஸ் கலை. ஒரு கூற்றின் வாசகத்தை (மத்ன்) ஏற்குமுன் அது யார் யார் வழியாக வந்தது என்னும் வரிசையை (இஸ்னாத்) அறிஞர்கள் துருவினர். இடையில் ஒருவர் விடுபட்டால் ‘முன்கதிஃ’. ஒருவர் இன்னாரென அறியப்படாவிடின் ‘மஜ்ஹூல்’. இரண்டும் பலவீனத்தின் அடையாளங்களே. கேட்டதையெல்லாம் அறிவிப்பதைக் கண்டிக்கும் நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே வைத்தார்கள்.

அச்சு இதழியலிலும் இதன் சாயல் உண்டு. 1867ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களை ஏட்டில் பொறிக்கச் செய்தது. பிழைக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். 2018இல் வாட்ஸ்அப் தொடங்கிய ‘பகிரப்பட்டது’ என்ற குறியோ, செய்தி கைமாறி வந்ததைச் சொல்லும். எவர் கை என்பதைச் சொல்லாது. அதாவது, தான் மஜ்ஹூல் என்ற முத்திரையுடனேயே செய்தி வருகிறது. மக்களோ அதை ஸஹீஹ் எனக் கொள்கின்றனர்.

இதன் விளைவை 2023 மார்ச்சில் தமிழகம் கண்டது. பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. இந்தி நாளேடுகளும் அதற்கு இடமளித்தன. அவை வேறு சம்பவங்களின் பதிவுகள் எனக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. வதந்தி பரப்பியதாகக் கைதான யூடியூபர் ஒருவர் மதுரைச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆயினும், விளாங்குடி போன்ற புறநகர்களில் கட்டட வேலை செய்யும் ஏழையின் வீட்டார் ஊரில் அடைந்த அச்சத்திற்கு எந்த மறுப்பு ஈடாகும்?

இன்னொரு மாற்றத்தையும் நாம் கவனிக்க வேண்டும். அரசும் வணிக நிறுவனங்களும் இன்று நிருபரின் கேள்வியைக் கடக்காமல், தம் சமூக ஊடகப் பக்கங்கள் வழியே மக்களிடம் நேரடியாகப் பேசுகின்றன. மேற்கண்ட நிகழ்வில் காவல்துறையின் விரைவு நன்மையே செய்தது. ஆனால் தன்னைப் பற்றிய செய்திக்குத் தானே நீதிபதியாவது வேறு. தன் கொள்கைக்கு அழைப்பவர் அதற்குச் சாதகமாக அறிவிப்பதை ஏற்க ஹதீஸ் அறிஞர் பலர் தயங்கியது இதனால்தான். ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளின் உண்மையைத் தானே முடிவுசெய்ய வழிவகுத்த 2023ஆம் ஆண்டு விதியை, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது பொருத்தமே.

தொழில்நுட்பத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. சிறிய ஏடுகளுக்கும் எளியவர் குரலுக்கும் அது கதவு திறந்துள்ளது. ஆனால் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதிருக்கவே செய்தியைத் தெளிவுபடுத்தச் சொல்கிறது. அக்கூட்டத்தார் நம்மவராயினும் பிறராயினும் கட்டளை ஒன்றே. நம்மைப் பற்றிய அவதூறுக்கு ஆதாரம் கேட்கும் ஜமாஅத்துகள், பிறரைப் பற்றி நம் குழுக்களில் வரும் செய்திக்கும் அதே ஆதாரத்தைக் கேட்டல் வேண்டும். அதுவே நீதி.