கண்ணாடிக் கடலின் கழிவுக் கணக்கு

கடலின் ஒரு பகுதியை, அதன் உயிரினங்களுடன் கண்ணாடித் தொட்டிக்குள் வாழவைக்க முடியுமா? முடியும் என்று வாதிடும் நூல் ஒன்றை இங்கே ஆராய்வோம். வால்டர் ஆடே, கேரன் லவ்லேண்ட் ஆகிய இருவரும் எழுதிய ‘டைனமிக் அக்வேரியா’ என்னும் அந்நூல் 1991-இல் வெளிவந்தது. 1998-இலும் 2007-இலும் அடுத்த பதிப்புகள் வந்தன. வீட்டில் பவளத் தொட்டி வைப்போரிடையே இன்றும் இதைப் பற்றிய விவாதம் ஓயவில்லை.

“பவளத் தொட்டிக்கும் நமக்கும் என்ன தொடர்பு?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தியக் கடல்களில் பாறை கட்டும் பவளங்களை எடுப்பதும் விற்பதும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும், மூடிய இடத்தில் பல உயிர்கள் நெருங்கி வாழும்போது அவற்றின் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வி தொட்டிக்கு மட்டும் உரியதன்று. ஏரிக்கும் இறால் பண்ணைக்கும் அது பொருந்தும். அக்கேள்வியை எடை போட்டுப் பார்க்கத் தொட்டி ஒரு நல்ல சோதனைக்கூடம்.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மீன்கள் நிறைந்த 400 லிட்டர் தொட்டி ஒன்றில் நாள்தோறும் 5 கிராம் உலர்ந்த தீனி போடுவதாகக் கொள்வோம். அதில் 45 விழுக்காடு புரதம். புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே நாளொன்றுக்குச் சுமார் 0.36 கிராம் நைட்ரஜன் நீருக்குள் இறங்குகிறது. வளர்ந்த மீன் உடலில் சேர்த்துக்கொள்வது சொற்பமே. மிகுதி அம்மோனியாவாக வெளிவருகிறது. நுண்ணுயிர்கள் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஒரு கிராம் நைட்ரஜனிலிருந்து 4.4 கிராம் நைட்ரேட் உண்டாகும். முழுவதும் மாறிவிட்டால் நம் தொட்டியில் லிட்டருக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் வீதம் நைட்ரேட் ஏறும். பவளப்பாறை அருகே கடல்நீரில் உள்ள அளவோ பொதுவாக லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் வெகு குறைவு.

“வாரந்தோறும் நீரை மாற்றினால் போயிற்று” என்பது வழக்கமான அறிவுரை. அதையும் சோதிப்போம். வாரத்தில் ஏறுவது 28 மில்லிகிராம். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், ஏறுவதும் இறங்குவதும் சமமாகும் நிலை எது தெரியுமா? லிட்டருக்கு 280 மில்லிகிராம்! கால் பங்கு மாற்றினாலும் 112-இல்தான் நிற்கும். நெருக்கமாக மீன் வைத்த தொட்டியை நீர் மாற்றத்தால் மட்டும் காப்பாற்ற இயலாது என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த இடத்தில்தான் ஆடேயின் நூல் வலிமை பெறுகிறது. 1980-களில் ‘சொட்டு வடிகட்டி’ என்னும் கருவி பெரும்புகழ் பெற்றிருந்தது. பிளாஸ்டிக் உருண்டைகள்மீது நீரைச் சொட்டவிட்டு, அங்கே வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவதே அதன் வேலை. நீர் தெளிவாக இருக்கும்; மீனும் பிழைக்கும். ஆனால் கழிவு எங்கும் போகவில்லை, உருவம் மாறி அங்கேயே தங்கிவிட்டது. அதுமட்டுமன்று: ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்கச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. நம் தொட்டியின் ஒரு நாள் கழிவுக்கு 1.6 கிராம் வேண்டும். 27 பாகை வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் ஆக்சிஜனையே தாங்கும். அதாவது 400 லிட்டரில் மொத்த இருப்பே 2.6 கிராம்தான். காற்றிலிருந்து இடைவிடாமல் ஆக்சிஜன் கரைந்துகொண்டிருப்பதால்தான் தொட்டி பிழைக்கிறது. இரவில் மின்சாரம் நின்று நீரோட்டம் ஓய்ந்தால், நெருக்கமான தொட்டியில் மீன்கள் மூச்சுத்திணறி மாள்வது இதனால்தான்.

ஆடே முன்வைக்கும் மாற்று வழி எளிமையானது. அவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த பாசி அறிஞர். பவளப்பாறைகளின்மேல் புல்தரைபோல் அடர்ந்து வளரும் குட்டைப் பாசிகளே அங்கு உணவு உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கின்றன என்று கண்டவர். அந்தப் பாசியையே வேலைக்கு அமர்த்தினார். ஒரு வலைத்தட்டின்மேல் அலை அலையாக நீர் பாய வேண்டும்; மேலே பலத்த ஒளி வேண்டும். பாசி அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றை உறிஞ்சி வளரும். வாரம் ஒருமுறை அதைச் சுரண்டி வெளியே எறிந்துவிட வேண்டும். கழிவும் அதனுடன் வெளியேறிவிடும், ஆக்சிஜனும் கிடைக்கும். பவளத் தொட்டியில் இருள் சூழும் நேரத்தில் பாசித்தட்டுக்கு ஒளியூட்டினால், இரவில் நீரின் கார நிலை இறங்குவதும் தணியும். இந்தப் பாசி வடிகட்டிக்கு 1982-இல் காப்புரிமை கிடைத்தது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. சுமார் 500 லிட்டர் கொண்ட தொட்டி ஒன்றை ஆடே குழுவினர் பல ஆண்டுகள் இம்முறையில் நடத்தினர். அதில் 500-க்கும் மேற்பட்ட உயிரினங்களை இனங்கண்டனர். ஆண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோகிராம் சுண்ணாம்புப் பொருள் அதில் படிந்தது. உயிருள்ள நல்ல பவளப்பாறைக்கு ஈடான அளவு இது. தொட்டியை அலங்காரப் பொருளாகக் கருதாமல், வரவு செலவு உள்ள ஓர் உயிர்ச் சூழலாகக் காணக் கற்றுத் தந்ததே இந்நூலின் பெருஞ்சிறப்பு.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

முதற்குறை அளவைப் பற்றியது. நம் தொட்டியின் 0.36 கிராம் நைட்ரஜனை வெளியேற்ற எவ்வளவு பாசி வேண்டும்? உலர்ந்த பாசியில் 4 விழுக்காடு நைட்ரஜன் என்றால் நாளொன்றுக்கு 9 கிராம் உலர் பாசி வளர்ந்தாக வேண்டும். நல்ல ஒளியில் சதுர மீட்டருக்கு 10 கிராம் விளைவதாகக் கொண்டால், ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் வலைத்தட்டு தேவை. வீட்டுத் தொட்டியின் மேற்பரப்பே அவ்வளவு இராது! ஆடேயின் தொட்டி வெற்றி பெற்றதற்கு வடிகட்டி மட்டும் காரணமன்று; அது மீன்களை அடைத்த தொட்டியன்று. மீன்பித்துக் கொண்ட வாசகர் இந்த நிபந்தனையை மறந்து, கருவியை மட்டும் எடுத்துக்கொள்வார். நூல் அவரை இன்னும் அழுத்தமாக எச்சரித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நுரைப் பிரிப்பான்மீது நூல் காட்டும் வெறுப்பு. நீர்த் தூணில் நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் செலுத்தினால் புரதம் போன்ற கரிமப் பொருள்கள் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக வழிந்துவிடும். அழுகி அம்மோனியாவாகும் முன்பே கழிவை அகற்றும் முறை இது. நுண்மிதவை உயிர்களும் இளம் உயிர்களும் இதில் சேர்ந்து போய்விடுகின்றன என்பது ஆடேயின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து வேதியியலார் கென் ஃபெல்ட்மன் பின்னர் அளந்தபோது, இக்கருவிகள் நீரிலுள்ள கரிமக் கார்பனில் 20 முதல் 35 விழுக்காட்டையே பிரித்தெடுத்தன. விற்பனையாளர் புகழும் அளவுக்கு அது வல்லமை உடையதும் அன்று. ஆடே அஞ்சும் அளவுக்கு எல்லாவற்றையும் வாரிச் செல்வதும் அன்று.

மூன்றாவது, பாசி உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. கரிமப் பொருள்களைக் கசியவும் விடுகிறது. நீரில் மஞ்சள் சாயை படர்ந்து, பவளத்துக்கு வேண்டிய ஒளி குறையும். கிளர்வூட்டிய கரியால் இதைத் தீர்க்கலாம். அதாவது, ‘இயற்கை முறை’க்கும் துணைக் கருவி தேவைப்படுகிறது.

இம்முறையைப் பெரிய அளவில் சோதித்த இடம் அரிசோனாவின் ‘பயோஸ்பியர் 2’. எட்டுப் பேர் 1991 முதல் 1993 வரை அடைபட்டு வாழ்ந்த அந்தக் கண்ணாடி உலகில் ஒரு செயற்கைக் கடலும் இருந்தது. அதில் பாசி வடிகட்டிகள் இயங்கின. ஆனால் மூடிய காற்றில் கரியமில வாயு ஏறியபோது கடல்நீரின் கார நிலை இறங்கியது. பைகார்பனேட் உப்பைச் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பின்னர் இதே கடலில் கிறிஸ் லாங்டன் குழுவினர் நடத்திய ஆய்வுகள், நீரில் கார்பனேட் குறையும்போது பவளங்கள் சுண்ணாம்பு கட்டுவதும் குறைகிறது என்று காட்டின. அதன் முடிவுகள் 2000-இல் வெளியாயின. கரியமில வாயுவால் உலகக் கடல்களுக்கு நேரும் கேட்டை உணர்த்திய முக்கியச் சான்றுகளுள் இது ஒன்று. தொட்டிக்குள் நடப்பதைக் கூர்ந்து அளந்தவர்கள் வெளிக்கடலையும் புரிந்துகொண்டார்கள்.

மொத்தத்தில், ‘டைனமிக் அக்வேரியா’ சொல்லும் விடையைவிட அது எழுப்பும் கேள்வி உயர்ந்தது. பாசித்தட்டோ, நுரைப் பிரிப்பானோ, எந்தக் கருவியைக் கண்டாலும் ஒன்றைக் கேளுங்கள்: இது கழிவை வெளியேற்றுகிறதா, உருமாற்றி உள்ளேயே வைக்கிறதா? எவ்வளவு வெளியேற்றுகிறது? அந்த அளவு நாம் போடும் தீனிக்கு ஈடாகவில்லை என்றால், குறைக்க வேண்டியது மீன்களின் எண்ணிக்கையே.

இதை அறியக் கடல் தொட்டி வேண்டியதில்லை. உங்கள் பள்ளியில் நன்னீர் மீன் தொட்டி இருக்குமானால், ஒரு வாரம் போடும் தீனியை எடை போடுங்கள். புரத அளவு பொட்டலத்தின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். தீனியின் எடையைப் புரத விழுக்காட்டால் பெருக்கி 100-ஆல் வகுத்து, வரும் விடையை 0.16-ஆலும், பிறகு 4.4-ஆலும் பெருக்குங்கள். அந்த வாரம் உங்கள் தொட்டியில் சேரக்கூடிய நைட்ரேட் எத்தனை கிராம் என்பது தெரிந்துவிடும். அதன்பின், இன்னும் இரண்டு மீன் வாங்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.